ஈஸ்வரி கடைசியாகச் சொன்னது

காலை ஐந்தே முக்காலுக்குச் சூர்யபிரகாஷ் எழுந்தான். பாயைச் சுருட்டினான். பல் துலக்கினான். மோட்டாரைப் போட்டு, தொட்டி நிறைந்ததும் நிறுத்தினான். கொல்லைப்புறச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான்.

அது மூன்றாவது கோடு. முதல் கோட்டன்று சம்பாவுக்கான விதைநெல்லை ஊறப்போட்டான். இரண்டாவது கோட்டன்று தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடினான். இன்று முளை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். கணிதத்தில் பட்டம் வாங்கியவனுக்கு மூன்று நாளை எண்ணச் சுவர் தேவைப்பட்டது.

போன குறுவைப் பருவத்துக்கும் இப்படித்தான் கட்டி வைத்தான். வைத்ததையே மறந்துபோனான். ஆறாம் நாள் சித்தப்பா பஞ்சநதம் வந்து அவிழ்த்தபோது, வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, நெல் பாய்போல எழுந்து வந்தது.

“ஏண்டா, கணக்குல முதல் வகுப்புன்னு மாலையெல்லாம் போட்டோமே. ரெண்டு நாள் எண்ணத் தெரியலையா?”

சிரிக்கத்தான் சொன்னார். அவன் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார். போகும்போது அம்மாவிடம் மட்டும், “சம்பாவும் இப்படிப் போச்சுன்னா குத்தகைக்கு விட்டுடுங்க அண்ணி” என்றார்.

நிலம் போவதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. மனைவி ஈஸ்வரி இறந்து ஒரு வருடமாகிறது. அதற்குள் எத்தனையோ நழுவிவிட்டன. செய்தித்தாளில் ஒரே வரியை நாலு தடவை படிப்பான். வலங்கைமானில் இறங்க வேண்டியவன் கும்பகோணம்வரை போய்விடுவான். பொறுக்க முடியாதது ஒன்றுதான். அவள் கடைசியாகப் பேசியது அவனிடம். என்ன பேசினாள் என்பது நினைவில் இல்லை.

அம்மா தர்மாம்பாளிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், “அத்தைய நல்லாப் பாத்துக்குங்கன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினா” என்று அழுதாள். அம்மா அன்று பாபநாசத்தில் அவன் தங்கை மேகலா வீட்டில் இருந்தாள். அவன் திருத்தவில்லை. திருத்த அவனிடம் வேறொன்றும் இல்லை.

ஆனி மாதத்தில் மேகலாதான் அவனைத் தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். டாக்டரம்மா நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எண்பத்தாறில் நின்றுவிட்டான். காது சுட்டது.

“என் மூளை போயிடுச்சா டாக்டர்?”

“போகலைங்க. மனச்சோர்வு அதுமேல ஏறி உட்கார்ந்திருக்கு. யோசிக்கவும் விடாது, ஞாபகம் வச்சுக்கவும் விடாது. இறங்கும். ஆனா பஸ் மாதிரி நேரம் சொல்ல முடியாது.”

மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் வாய்க்கால் கரையில் நடக்கச் சொன்னார். மறந்துவிடுவோம் என்று தோன்றுவதை எங்காவது குறித்துவைக்கச் சொன்னார். சுவரில் கோடு போடுவது அப்படி வந்ததுதான்.

இரண்டு மாதம் நடந்தான். தூக்கம் கொஞ்சம் வந்தது. போன வாரம் அறுபத்தைந்துவரை கழித்தான். யாரிடமும் சொல்லவில்லை.

வைக்கோலை விலக்கிச் சாக்கை அவிழ்த்தான். உள்ளே கையை விட்டான். நெல் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பிடி எடுத்துப் பார்த்தான். ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாக, ஊசிமுனை அளவுக்கு முளை. நாள் தப்பவில்லை. ஈர நெல்லின் வாடை முகத்தில் அடித்தது.

கையை வெளியே எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

போன ஆவணியிலும் இதே இடம், இதே வாடை. கொல்லை வாசற்படியில் ஈஸ்வரி டம்ளரோடு நின்றாள். ஏதோ சொன்னாள். சிரித்தாள். திரும்பி உள்ளே போனாள். டம்ளர் உருளும் சத்தம் கேட்டுத்தான் அவன் ஓடினான். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

இதுவரைதான் எப்போதும் வரும். இன்று அவள் வாய் அசைவதோடு குரலும் வந்தது.

“நெல்லு கெட்டுப்போச்சாடா?” பின்னால் அம்மா பதறினாள். “ஏன் அழுவுற?”

“நல்லா வந்திருக்கும்மா. இன்னிக்கே விதைச்சிடலாம்.” கன்னத்தைத் தோளில் துடைத்தான். “அம்மா, அவ உன்னைப் பத்தி எதுவும் சொல்லல.”

தர்மாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். “தெரியும்டா. ஏதாவது சொல்லியிருப்பாள்ல, அதான்...” அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “என்னதான் சொன்னா?”

அவன் சொன்னான்.

“கையக் கழுவிட்டு வாங்க. உங்க காப்பியில பாதிய நான் குடிச்சிட்டேன்.”