புது வரவு, தொடாதீர்கள்

விலங்குப் பகுதி ஊழியர்களுக்கென்றே மனநல ஆலோசகர் ஒருவரை வரவழைத்திருப்பதாக ஆய்வுக்கூடத் தலைமை அறிவித்ததும் கூண்டு மாமாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எலிக்கும் முயலுக்கும் தீனி வைத்து, தண்ணீர் ஊற்றி, கூண்டில் மரத்தூள் மாற்றியே தலை நரைத்த மனிதர் அவர். இத்தனை காலத்தில் "எப்படி இருக்கீங்க?" என்று அங்கே யாரும் அவரைக் கேட்டதில்லை. விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்க வரும் டாக்டரம்மாகூட, "முயல் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்.

"அந்தம்மா வர்றது எலிக்கா, நமக்கா?" என்றார் மாமா.

"நமக்குத்தான். நோவுற ஜீவனுங்களப் பாத்துப் பாத்து, இரக்கப்பட்டே மனசு மரத்துப் போயிடுமாம்," என்றாள் கூண்டு கழுவும் அக்கா.

"எனக்கு மனசெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மூக்குதான் அடைச்சிருக்கு."

மூக்கடைப்பு பச்சைப் பொய். வீட்டில் சொல்லிச் சொல்லி வாயில் ஒட்டிக்கொண்டது. கைக்குழந்தையோடு மகள் வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து மாமா பேத்தியைத் தொடவில்லை. முதலில் ஜலதோஷம் என்றார். பிறகு இடுப்புப் பிடிப்பு. அதுவும் செல்லாதபோது, கையில் மருந்து வாடை என்றார். "தாத்தாவுக்கு நம்மளப் பிடிக்கலடி," என்று மகள் குழந்தையிடம் சொல்வது போல அவர் காதில் போட்டாள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குக் கிளம்புகிறாள்.

உண்மை என்னவென்றால், வந்த அன்றே மகள் குழந்தையை நீட்டினாள், மாமாவும் ஆசையாகக் கையை நீட்டினார். அவர் விரல்கள் தாமாகவே குழந்தையின் கழுத்தடியில் போய் நின்றன. ஆய்வு முடிகிற நாளில், பாவப்பட்ட அந்த உயிர்களைக் கடைசியாக எடுக்கும்போது அவர் விரல்கள் போய் நிற்கிற அதே இடம். மாமா கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார். வலிக்காமல் உயிரை முடிப்பதில் அவரைப் போல இன்னொருவர் இல்லை என்று பெயர். அந்தக் கையைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் இதை ஒரு ஆலோசகரிடம் போய்ச் சொல்வதா? அதற்குப் பதில் விளையாட்டு காட்டலாம் என்று தோன்றியது.

"புதுசா ஒரு உயிர் வந்து இறங்கினா நாம என்ன செய்வோம்?" என்று அக்காவைக் கேட்டார்.

"தனி ரூம்ல விட்டுட்டு ஒரு வாரம் கிட்ட போக மாட்டோம். இடம் பழகட்டும்னு."

"அவ்வளவுதான். முறைன்னா எல்லாருக்கும் முறை."

ஆலோசகர் வந்த அன்றே அவர் அறைக்கதவில் ஒரு அட்டை தொங்கியது. 'புது வரவு. இடம் பழகும்வரை தொடாதீர்கள். சத்தம் போடாதீர்கள்.' அந்த அம்மாள் உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டையோடு காத்துக்கொண்டிருந்தார். ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. இடைவேளைகளில் மட்டும் கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியாக ஆளாளுக்குப் பார்த்துவிட்டு வந்து மாமாவிடம் சேதி சொன்னார்கள்.

"தீனி எடுக்குது மாமா. டப்பா காலி."

"முடி பளபளன்னு இருக்கு."

"ஆனா சுவத்தோரமாவே சுத்திச் சுத்தி வருது."

"அது ஆகாதே, மிரண்டதுதான் அப்படி நடக்கும்," என்று மாமா உதட்டைப் பிதுக்கினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டாவது வாரமும் இதே கூத்து நடந்தது. வெள்ளிக்கிழமை காலை மாமா வேலைக்கு வந்தபோது அட்டையில் அவர் எழுத்துக்குக் கீழே வேறொரு கையெழுத்து இருந்தது. 'கூட்டமாக வாழும் இனம். தனியே வைத்தால் நோயில் விழும்.'

மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எலிக்கூண்டுகளுக்கு மேலே அவரே ஒட்டியிருந்த வாசகம் அது. இதற்குப் பிறகும் உள்ளே போகாவிட்டால் தன் விதியைத் தானே மீறினதாகும். உயிர் இருக்கும் எந்த அறைக்குள்ளும் திடுதிப்பென்று நுழையாதவர், மெல்லக் கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

"கண்ணாடி வழியா நல்லா பாத்தீங்களே, எப்படி இருக்கேன்?" என்றார் ஆலோசகர்.

"சுவத்தோர நடைதான் சரியில்லம்மா. மத்தபடி பழுதில்ல."

"பேச ஆளில்லைன்னா நடக்காம என்ன செய்ய?"

மாமா ஜோக்குகளை அவிழ்த்துவிட்டார். அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் மனதாரச் சிரித்தார். அங்கேதான் வம்பு. முகத்தை இறுக்கி வைத்திருந்தால் மாமா சாயங்காலம்வரை தாக்குப்பிடித்திருப்பார். சிரிக்கச் சிரிக்கச் சரக்கு தீர்ந்துபோய், அடியில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. மூக்கடைப்பு, மகள், பேத்தி, விரல்கள் எல்லாம் வந்தன. ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை எதற்கென்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"அந்தக் கடைசி வேலைக்கு ஆளாளுக்கு முறை போட்டிருக்காங்களே?" என்றார் ஆலோசகர்.

"போட்டிருக்காங்க. சின்னப் பசங்களுக்குக் கை நடுங்கும். 'இங்க குடு'ன்னு நானே வாங்கிக்குவேன்."

"உங்களுக்கு நடுங்கினா யாரு வாங்கிக்குவாங்க?"

யாரும் இல்லை என்பது மாமாவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உங்களுக்குச் சம்மதம்னா டாக்டரம்மாகிட்ட நான் பேசுறேன். கொஞ்ச நாளைக்கு அந்த வேலை உங்ககிட்ட வராது. முறைப்படி செய்றவங்களும் இங்க வந்து உட்காரட்டும். நீங்களும் அடுத்த வாரம் வரணும்." பிறகு கேட்டார்: "ஒரு எலி மனுஷனைக் கண்டாலே மிரளுது. எப்படித் தூக்குவீங்க?"

"தூக்க மாட்டேன். கையை விரிச்சுக் கூண்டுல வெச்சிட்டுச் சும்மா இருப்பேன். அதுவா வரணும்."

"மிரளுறது எலியா இல்லாம, கையா இருந்தா?"

ஞாயிற்றுக்கிழமை காலை பைகள் வாசலுக்கு வந்துவிட்டன. கட்டிலில் குழந்தை காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து, விரித்த கையைப் படுக்கைவிரிப்பின் மேல் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?" என்றாள் மகள்.

"ஸ்ஸ். சத்தம் போடாத."

குழந்தை காற்றைத் துழாவியது, விரிப்பைப் பிராண்டியது, கடைசியில் அவர் சுண்டுவிரலைக் கண்டுபிடித்து இறுகப் பிடித்துக்கொண்டது. மாமாவின் கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டார். மற்றக் கையை முதுகுக்கடியில் கொடுத்து மெல்ல எடுத்து மார்போடு சேர்த்தார். கண்ணில் நீர் கட்டியதை மறைக்கத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார்.

"கண்ணு தெளிவு. மூக்கு சுத்தம். பல்லு... இன்னும் வரல. உடம்பு நல்லாத் தேறியிருக்கு."

"வாலை விட்டுட்டீங்களேப்பா," என்றாள் மகள்.

"உங்கப்பா வம்சத்துல அது இல்லாம இருக்காது, நல்லா பாக்கச் சொல்லு," என்று அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. மகள் குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். மாமா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"புது வரவு," என்றார். "இடம் பழகுற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."