சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் இருபத்தொரு பேர்

யூபிலி ஆண்டான இரண்டாயிரத்தில், பெங்களூர் ஆஸ்டின் டவுனிலிருந்து இருபத்திரண்டு பேர் ரோமுக்குத் திருயாத்திரை கிளம்பினார்கள். ஏர்போர்ட்டில் குழுத் தலைவர் ஓஸ்வால்ட், மௌரீன் டீச்சரைத் தனியே கூப்பிட்டார்.

"டீச்சர், ஒருத்தர் அங்கேயே தங்கிட்டாலும் போச்சு. அடுத்த தடவை நம்ம ஆளுங்களுக்கு விசாவே கெடைக்காது. அந்த டீனா மேல ஒரு கண்ணு வெச்சுக்குங்க. நர்ஸு. இருந்த வேலையையும் விட்டுட்டு வந்திருக்கா."

டீனா மௌரீனிடம் படித்தவள்தான். ஆனாலும் அந்த நிமிடத்திலிருந்து அவள் என்ன செய்தாலும் தப்பாகவே தெரிந்தது.

மூன்றாம் நாள் வத்திக்கான் அருங்காட்சியகம். மதில் ஓரமாக இரண்டு மணி நேர வரிசை. மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு வந்திருக்க, டீனாவின் தோளில் மட்டும் புடைத்த பை. வரிசையில் நின்ற ஒரு மலையாளி சிஸ்டரிடம் அவள் மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்ததையும் மௌரீன் பார்த்தாள்.

உள்ளே நிற்க இடமில்லை. பின்னால் வந்த கூட்டமே தள்ளிக்கொண்டு போனது. வரைபடங்கள் நிறைந்த நீண்ட கூடத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்க்க, மௌரீன் டீனாவின் மஞ்சள் சுடிதாரையே பார்த்துக்கொண்டு நடந்தாள். கோயில் பாடகர் குழுவின் ஜூடித் மௌரீனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஓட்டலில் இருவருக்கும் ஒரே அறை.

"மேல பாரு மௌரீன், எல்லாம் தங்கம்!"

"நீ பாரு."

"எனக்கு மூச்சு முட்டுது. கொஞ்சம் ஓரமா நின்னுட்டு வரேன்."

மௌரீன் திரும்பாமலே தலையாட்டினாள்.

சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் நுழைந்தபோது மஞ்சள் சுடிதாரைக் காணோம். காவலர்கள் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டிக்கொண்டிருக்க, மௌரீன் ஆட்களை இடித்துக்கொண்டு தேடினாள். சுவரோர பெஞ்சில் டீனா இருந்தாள். மயங்கிச் சரிந்த, குழுவிலேயே வயதான அன்னம்மாளை மடியில் சாய்த்து, பையிலிருந்து எடுத்த குளுக்கோஸைக் கரைத்துப் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையிலேர்ந்து என்னையே பாக்கறீங்க மிஸ். நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

"அந்த சிஸ்டர்கிட்ட என்னா குடுத்தே?"

"அம்மா பேரு. ஜெபத்துல சொல்லச் சொன்னேன். அம்மாவுக்கு கேன்சர் மிஸ். கூட இருந்து பாத்துக்கத்தான் வேலைய விட்டேன். அவங்கதான் இங்க வந்து வேண்டிக்கச் சொல்லி அனுப்பினாங்க."

மௌரீன் குனிந்து அன்னம்மாளின் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

வெளியே சதுக்கத்தில் ஓஸ்வால்ட் தலைகளை எண்ணினார். இருபத்தொன்று. மறுபடி எண்ணினார். ஜூடித் இல்லை. சாயங்காலம்வரை காத்திருந்து ஓட்டலுக்குப் போய் அவள் பெட்டியைத் திறந்தார்கள். கனத்துக்காக அடைத்த பழைய செய்தித்தாள்கள்தான் இருந்தன.

ஓஸ்வால்ட் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "டீனா ஓடிப்போவான்னு என் காதுல போட்டதே ஜூடித்துதான், டீச்சர்."

பெங்களூர் திரும்பிய முதல் ஞாயிறு, பூசை முடிந்து மௌரீன் வெளியே வந்ததும் படிக்கட்டில் பேச்சு நின்றது. ஓஸ்வால்ட் அவளைப் பார்க்காததுபோல் நகர்ந்துகொண்டார்.

"ரெண்டு ராத்திரி ஒரே ரூம்ல இருந்தவங்களுக்குத் தெரியாமலா?" என்றது ஒரு குரல். அவள் காதில் விழட்டும் என்றே சொன்னதுபோல் இருந்தது.

டீனா மட்டும் கேட்வரை கூட நடந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். நெஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது டீனா."

டீனா சரியென்று தலையாட்டினாள். ஆனாலும் பத்தடி நடப்பதற்குள் இரண்டு முறை மௌரீனின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

மௌரீனுக்குக் கோபம் வரவில்லை. "அம்மா எப்படி இருக்காங்க? வா, நானும் வந்து பாக்கறேன்" என்றாள். டீனா கொஞ்சம் தயங்கிவிட்டு, "வாங்க மிஸ்" என்று முன்னால் நடந்தாள்.