தையற்காரரின் எடை

உயர் அழுத்த மின்பாதையின் நான்காவது கோபுரத்துக்குக் குழி தோண்ட வந்த அன்று காலை, தையற்காரரின் எடை பதினெட்டு டன்னாக இருந்தது. முந்தின வாரம் மாவு மில் தராசில் விளையாட்டாக ஏறி நின்றபோது அது ஐம்பத்திரண்டு கிலோதான் காட்டியது. சட்டைப் பையில் இருந்த கத்தரிக்கோலைக் கழித்தால் இன்னும் குறையும் என்று மில்காரர் கேலிகூடச் செய்தார். பதினெட்டு டன் என்பது கிரேன் ஓட்டுநர் சொன்ன கணக்கு. அவர் வெளியூர்க்காரர், அங்கே யாரையும் தெரியாதவர், பொய் சொல்ல அவருக்குக் காரணம் எதுவும் இல்லை.

ஊரில் தையற்காரருக்கு 'ஆகட்டும்' என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் வரும். நாளைக்குக் கல்யாணம் என்று இன்றைக்குத் துணி கொண்டுவந்தாலும் ஆகட்டும். சைக்கிளை இரவல் கேட்டாலும் ஆகட்டும். அதை உடைத்துக் கொண்டுவந்து போட்டுவிட்டு வேறு சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டாலும் ஆகட்டும். அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, இரண்டு நாள் தங்கிப் போகிறேன் என்று ஒரு பையோடு வந்தவன், பதினோரு வருஷமாகத் தங்கியிருந்தான். வீட்டில் வெளிச்சமான அறை அவனுடையது. தையல் மெஷின் சமையலறைக்குப் போகும் நடையில், போகிறவர் வருகிறவர் முழங்காலில் இடிக்கும்படி கிடந்தது. தையற்காரரின் மனைவி இதற்கெல்லாம் நேர் எதிர் என்று ஊர் நினைத்திருந்தது. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். பால்காரம்மா வாயைத் திறப்பதற்குள் பால் வாங்குகிறவர்கள் பாத்திரத்தை ஒருமுறைக்கு இருமுறை கழுவிக்கொண்டு வந்து நிற்பார்கள். அப்படி ஒரு நாக்கு.

மின்பாதை எங்கோ தொலைவில் இருந்த மின்நிலையத்திலிருந்து, எங்கோ தொலைவில் இருந்த நகரத்துக்குப் போவதாக இருந்தது. வழியில் இருக்கிறவர்களுக்கு அதில் ஒரு பல்புகூட எரியாது. ஊர் கூடி மாவு மில் வாசலில் எதிர்ப்புக் குழு அமைத்தது, மில்காரர் தலைவர். கூட்டத்துக்குக் கூட்டம் காரணங்கள் பெருகின. மாடுகளுக்குப் பால் வற்றும் என்றார்கள், கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும் என்றார்கள், கம்பிக்குக் கீழே வளரும் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்றார்கள். கடைசியாகச் சொன்னவருடைய பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கணக்கு வராது. உண்மையான காரணம் ஒன்றுதான். அதைச் சொன்னால் ஏழை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆளுக்குக் கைக்குட்டை அகலத்தில்தான் நிலம் இருந்தது. கோபுரம் தன் நாலு காலையும் அதில் ஊன்றினால், மிச்சம் இருப்பது கைக்குட்டையின் ஓரத்து மடிப்பு மட்டுமே.

குழுவுக்கு வேண்டிய கறுப்புக் கொடிகளையெல்லாம் தையற்காரர்தான் சும்மா தைத்துக் கொடுத்தார். அதே வாரம் மின்பாதைப் பொறியாளரான பெண் வந்து, தன் முகாம் அறைக்குத் திரைச்சீலை தைக்க முடியுமா என்று கேட்டார். அதற்கும் ஆகட்டும். அப்போதுதான் மில்காரர் உஷாரானார். நான்காவது கோபுரத்துக்குக் குறித்த இடம் தையற்காரரின் வீட்டுக்குப் பின்னால், மாடுகள் மேயும் துண்டு நிலம். அங்கே வந்து அந்தப் பொறியாளர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், கதை முடிந்தது. உடனே தையற்காரரின் வீட்டில் காவல் போடப்பட்டது. குழுவில் இருவர் மாற்றி மாற்றி உட்கார்ந்து, யார் எதைக் கேட்டாலும் தையற்காரருக்குப் பதிலாகத் தாங்களே பதில் சொன்னார்கள்.

"பொறியாளரம்மா வந்தா நீங்க வாயே திறக்கக் கூடாது. ஊசியக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருங்க," என்றார் மில்காரர்.

"ஆகட்டும்," என்றார் தையற்காரர்.

ஆனால் இயந்திரங்கள் வந்த அன்று, அவை மூன்றாவது கோபுரத்துக்குப் போவதாக யாரோ சொல்ல, கொடிகளோடு ஊரே அந்தப் பக்கம் ஓடியது, காவலுக்கு இருந்தவர்களும் சேர்த்து. பால்காரம்மா பால் ஊற்றப் போயிருந்தார். தையற்காரர் மாடுகளைப் பார்த்துக்கொண்டு, நிலத்தின் நடுவில் முக்காலி போட்டு ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். பொறியாளர் மூக்குக்கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைத்தபடி கிட்டே வந்தார். நல்ல மாதிரியான பெண்தான், அதட்டத் தெரியாது.

"ஐயா, கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா?"

தையற்காரர் 'ஆகட்டும்' சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்ததோ "முடியாது". சொன்னது யார் என்று அவரே திரும்பிப் பார்த்தார். அதற்குள் முக்காலி நொறுங்கியது. ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு இடுப்பில் பட்டை கட்டிக் கிரேனில் மாட்டினார்கள். கிரேனின் பின்சக்கரங்கள்தான் மேலே எழும்பின. பொறியாளர் வேலையை நிறுத்திவிட்டு அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

மதியம் ஊர் திரும்பி வந்தது. தாங்கள் இல்லாத நேரத்தில் போராட்டம் ஜெயித்துவிட்ட வெட்கம் சற்று நேரம்தான் இருந்தது. பிறகு இது குழு முன்கூட்டியே போட்ட திட்டம் என்று மில்காரர் பேசினார், எல்லோரும் கைதட்டினார்கள். பால்காரம்மா மட்டும் கிட்டே போய்க் கணவரின் கையைத் தூக்கிப் பார்த்தார். ஆட்டுக்கல் மாதிரி இருந்தது.

"என்னங்க இது?"

"தெரியலை. சொல்லாம விட்டதெல்லாம் ஒண்ணா வந்து உக்காந்துக்கிச்சு போல இருக்கு."

அதுதான் சரியான விளக்கம் என்று பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நாற்பது வருஷமாக அவர் விழுங்கிய 'முடியாது'க்கள் எங்கேயும் போகவில்லை, உள்ளேயே தங்கி இறுகியிருந்தன. போலீஸ் வந்தது. எடை அதிகமாக இருப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. தலைக்கு மேல் கூரை போட்டார்கள். கையால் சுற்றும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். தையற்காரர் அங்கேயே துணி தைத்தார், அங்கேயே தூங்கினார். மழைக்காலம் ஒன்று போயிற்று.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ஒருமுறை பழகிய நாக்கு சும்மா இருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் பேன்ட் வேண்டும் என்று வந்தவரிடம் தையற்காரர் முடியாது என்றார். சொன்னதும் ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அவரைத் தூக்க முடிகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வந்த கிரேன் கணக்கில் அரை டன் குறைந்திருந்தது. பொறியாளர் புத்திசாலி, விஷயம் பிடிபட்டுவிட்டது. மறுநாளிலிருந்து அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, ஐயா உங்க மாட்டைக் குடுப்பீங்களா, என் மாமனாருக்குக் கோட்டு இனாமா தைப்பீங்களா, உங்க மீசையை எடுத்துக்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முடியாது, முடியாது, முடியாது. எடை மளமளவென்று இறங்கியது. ஊர்க்காரர்கள் பதறிப்போய், மறுக்கவே முடியாத கேள்விகளோடு வந்து வரிசையில் நின்றார்கள். "நல்லா இருக்கீங்களா?" "இன்னிக்கு வெயிலு ஜாஸ்தி, இல்லை?" "உங்களை மாதிரி தையக்காரர் நீங்க ஒருத்தர்தானே?" இதற்கெல்லாம் ஆமாம் சொல்லிச் சொல்லித் தையற்காரருக்குத் தாடை வலித்தது. எடை மட்டும் ஏறவில்லை.

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்தான். அவனை யாரும் அனுப்பவில்லை. அவனுக்கு இதெல்லாம் காதிலேயே விழவில்லை.

"மாமா, நீங்கதான் இப்ப இங்கயே இருக்கீங்களே. உங்க அறையையும் நான் எடுத்துக்கட்டுமா? சாமான் வைக்க இடம் பத்தலை."

தையற்காரர் ஊசியை நிறுத்தினார். தூரத்தில் தீவனம் போட்டுக்கொண்டிருந்த பால்காரம்மாவும் நிமிர்ந்து பார்த்தார்.

"முடியாது. இருக்கிற அறையையும் காலி பண்ணிடு. பதினோரு வருஷம் ஆச்சு."

நிலம் ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கிரேன் வந்தபோது தையற்காரர் ஒன்றரை டன்தான் இருந்தார். அதைக் கிரேன் சிரமமே இல்லாமல் தூக்கும். நேரம் இருட்டிவிட்டதால் மறுநாள் காலையில் தூக்கிக்கொள்ளலாம் என்று ஓட்டுநர் போய்விட்டார். மில்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மச்சினன் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

சாப்பாடு கொண்டுவந்த பால்காரம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"எந்திரிங்க. வீட்டுக்குப் போங்க. நான் உக்காருறேன்."

"நீயா? நீதான் எல்லாத்தையும் அப்பப்பவே மூஞ்சிக்கு நேரா சொல்லிடுறவளாச்சே. உன்கிட்ட என்ன மிச்சம் இருக்கப்போவுது?"

"உக்காந்து பாத்தாத்தான தெரியும்," என்று சொல்லிக் கையை நீட்டினார். கிரேனுக்கு அசையாத மனிதர் அந்தக் கையைப் பிடித்து எழுந்தார்.

ஊரிலும் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். வாயுள்ள பொம்பிளை, காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று சிரித்தார்கள். காலையில் பொறியாளர் வந்து, "அம்மா, கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா?" என்றார். பால்காரம்மா முடியாது என்றார். பட்டை கட்டினார்கள். கிரேன் முக்கியது, புகை விட்டது, பிறகு இரும்புக் கயிறு அறுந்து, கிரேன் அச்சு வரைக்கும் மண்ணில் இறங்கியது. கிரேனின் எடைக் கருவி நாற்பது டன் வரைக்கும்தான் காட்டும், அதற்கு மேல் எவ்வளவு என்று தனக்குத் தெரியாது என்றார் ஓட்டுநர்.

யாரும் கைதட்டவில்லை. இந்த அம்மாளுக்குள் இவ்வளவு எங்கிருந்து வந்தது என்று ஊருக்குப் புரியவில்லை. வேலியோரம் நின்ற தையற்காரருக்குப் புரிந்தது. நாளைக்குத் தருகிறேன் என்று அவர் சொன்ன துணிகளுக்கெல்லாம் விளிம்பு மடித்தது அவள். சைக்கிள் இரவல் போன நாட்களில் பால் கேனை இடுப்பில் வைத்து நடந்தது அவள். தம்பி பையோடு வந்து நின்ற அன்று, தன் வாயால் போ என்று சொல்ல முடியாமல், நீங்களாவது சொல்லமாட்டீர்களா என்று சமையலறை வாசலிலிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததும் அவள். அவர் ஆகட்டும் என்று சொன்னதையெல்லாம் அவள்தான் செய்து முடித்திருந்தாள். பால் பாத்திரத்தைப் பற்றித் திட்டினது வேறு கணக்கு. அதில் இது எதுவும் கழியவில்லை. அவர் போய் எதிரில் உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே."

"நீங்க முன்னாடியே சரின்னு சொல்லிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவீங்க. அதுக்கப்புறம் நான் சொல்லி என்ன ஆகப்போவுது?"

தையற்காரர் மூக்கைச் சிந்தினார். பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வரைபடத்தை விரித்து, மின்பாதையை அந்த இடத்தில் வளைத்துக் கரட்டு மேட்டுப் பக்கம் கொண்டுபோனார். வளைந்த பாதை மில்காரருடைய கொல்லையின் ஓரத்தை உரசியது. அவர் பால்காரம்மாவிடம் ஓடிவந்து, அங்கேயும் வந்து கொஞ்சம் உட்காரச் சொன்னார். "முடியாது, நீங்களே உக்காருங்க," என்றார் அவர். மில்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிரேன் ஓட்டுநர் கிரேனைக் கிளப்பவே இல்லை; நாற்காலியோடு சேர்த்துத் தானே தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். வாழ்நாளில் எதையும் உள்ளே வைத்துக்கொள்ளாத மனிதர்.

பால்காரம்மா மேலும் இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கேதான் இருந்தார். தையற்காரர் மாடு கறக்கக் கற்றுக்கொண்டார். முதலில் பாலைவிட உதைதான் அதிகம் கிடைத்தது. தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் மனைவிக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, யோசித்து வைத்திருந்ததைக் கேட்பார்.

"நாளைக்குப் பத்துப் பேரைச் சாப்பிடக் கூப்பிடட்டுமா?"

"முடியாது."

"உன் தம்பிய வந்து ஒரு மாசம் இருக்கச் சொல்லட்டுமா?"

"முடியவே முடியாது," என்பார் அவர். சில நாள் அந்த இடத்தில் சிரிப்புச் சத்தம் தெருவரைக்கும் கேட்கும்.

ஒருநாள் பால்காரம்மா தானாகவே எழுந்து வீட்டுக்கு நடந்தார். கம்பிகள் இப்போதும் அந்த நிலத்துக்கு முன்னால் முழங்கை மடிந்த மாதிரி வளைந்து மேட்டைச் சுற்றிப் போகின்றன. பேருந்தில் போகும் வெளியூர்க்காரர்கள் ஏன் இப்படி என்று கேட்டால், அங்கே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். பால்காரம்மாவின் எடை இன்னும் முழுக்க இறங்கவில்லை. பால் ஊற்றப் போகும் பாதையில் அவர் கால் வைத்த இடமெல்லாம் குழியாகிறது. மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் தேங்கும். குருவிகள் ஒவ்வொன்றும் ஒரு தடத்தில் இறங்கிக் குளிக்கும். பால் வாங்க வருகிறவர்கள் அவற்றை மிதிக்காமல் ஓரமாக நடந்துபோவார்கள்.