கொடிக்கம்பத்து நிழலில் இரண்டாம் வகுப்பு

இரண்டாம் வகுப்பு டீச்சருக்கும் வெயிலுக்கும் ஜென்மப் பகை. வெயில் காலம் தொடங்கியதுமே பாடத்தை ஓரம் கட்டிவிட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தார். தொப்பி இல்லாமல் வெளியே போகக் கூடாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும். மூன்றாவதுதான் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

"வெளிய நிக்கும்போது உங்க நிழலைப் பாருங்க. அது உங்களைவிட நெட்டையா இருந்தா விளையாடலாம். குட்டையா இருந்தா வெயில் கடுமைன்னு அர்த்தம். பக்கத்துல எங்க நிழல் இருக்கோ அங்க போயிடணும். யாரையும் கேட்டுக்கிட்டு நிக்க வேண்டாம்."

"ஏன்?" என்றாள் முன்வரிசைச் சிறுமி. எதற்கெடுத்தாலும் இதையே கேட்பதால் வகுப்பில் அவளுக்கு 'ஏன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"கேட்டுக்கிட்டு நிக்கிற நேரத்துல மண்டை காஞ்சிடும்."

பதில் அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அன்று முதல் அந்த வகுப்பு நிழல் பைத்தியம் பிடித்து அலைந்தது. ஒருவன் நிற்பான், அவனுடைய நிழலின் தலையில் இன்னொருவன் சாக்பீஸால் கோடு போடுவான். பிறகு முதலாமவன் அந்த இடத்திலேயே மல்லாந்து படுப்பான். தலை கோட்டைத் தாண்டிவிட்டால் அத்தனை பேரும் "குட்டை, குட்டை" என்று கத்திக்கொண்டு வராந்தாவுக்குள் ஓடுவார்கள். "சட்டை முன்பக்கம் பளிச்சுன்னு இருக்கு, பின்பக்கம் மட்டும் ஏன் டீச்சர் இப்படி?" என்று இரண்டு அம்மாக்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இந்த நிலையில்தான் பள்ளியைப் பார்வையிடக் கல்வித்துறை அதிகாரி அம்மா வருவதாகத் தகவல் வந்தது. தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. மைதானத்தின் ஓரத்தில் விருந்தினருக்குப் பந்தல் போடச் சொன்னார். பிள்ளைகள் மைதானத்தின் நடுவில் டிரில் செய்து காட்ட வேண்டும். மைதானத்தில் மரம் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. நட்டநடுவில் ஒரு கொடிக்கம்பம் மட்டும் தன்னந்தனியாக நின்றது.

"டிரில்லைக் காலையிலயே முடிச்சிடலாமே ஸார்," என்றார் டீச்சர்.

"அவங்க பதினோரு மணிக்குத்தான் வர்றாங்க. அதுவரைக்கும் வெயிலை ஒத்திவைக்கச் சொல்லி மனு போடட்டுமா?"

"சரி ஸார், தொப்பியாவது போட்டுக்கட்டும்."

தலைமையாசிரியர் அந்தத் தொப்பிகளைப் பார்த்திருந்தார். ஒன்றுக்குக் கரடிக் காது இருந்தது. ஒன்றின் உச்சியில் காற்றாடி சுற்றியது. இன்னொன்று யாரோ ஒருவனின் அப்பாவுடையது. அதைப் போட்டால் பையனுக்கு வாய் மட்டும்தான் வெளியே தெரியும். "இது டிரில்லா, மாறுவேடப் போட்டியா? தொப்பி, தண்ணி பாட்டில் எல்லாம் வகுப்புலயே இருக்கட்டும்," என்று முடித்துவிட்டார்.

பி.டி. மாஸ்டருக்கு வேறு கவலை. "என்னோட சர்வீஸ்ல இப்படி ஒரு வகுப்பைப் பாத்ததில்ல டீச்சர். நேரா நில்லுன்னா பாம்பு மாதிரி நிக்குதுங்க. அதுவும் நகர்ற பாம்பு."

அன்று அதிகாரி அம்மா தாமதமாகத்தான் வந்தார். பந்தலில் நாற்காலிகளும் மின்விசிறியும் குளிர்ந்த தண்ணீரும் தயாராக இருந்தன. வரவேற்புரையை நீட்டி முழக்கிய தலைமையாசிரியர், பந்தல் வேலைக்காகக் காலையிலிருந்தே வெயிலில் ஓடியாடியதில் ஏற்கெனவே சிவந்துபோயிருந்தார். அவருடைய வழுக்கைத் தலை தனியாக மின்னியது. பிறகு பி.டி. மாஸ்டர் விசில் ஊத, இரண்டாம் வகுப்பு மைதானத்துக்குள் வந்து வழக்கம்போல் வளைந்து நெளிந்து நின்றது.

'ஏன்' குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். அவளுடைய நிழல் காலைச் சுற்றி நாய்க்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது. பந்தல் எட்டத்தில் இருந்தது. வராந்தா அதைவிடத் தூரம். பக்கத்தில் இருந்தது கொடிக்கம்பத்தின் நிழல்தான், ஒரு சாண் அகலம்கூடத் தேறாத கறுப்புக் கோடு. யாரையும் கேட்கவில்லை. விடுவிடுவென்று போய் அதன்மேல் நின்றுகொண்டாள்.

ஒருவர் பின் ஒருவராக வகுப்பு முழுவதும் அவள் பின்னால் போய் நின்றது. கோடு குறுகல் என்பதால் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டார்கள். கழுத்தை நேராக வைத்துக்கொண்டார்கள். முன்னால் நிற்பவன் பிடரியில் பின்னால் நிற்பவன் மூக்கு இடித்தது. கொழுகொழுவென்று இருந்த ஒருவன் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை எக்கிக்கொண்டான்.

பி.டி. மாஸ்டரின் வாயிலிருந்து விசில் நழுவி விழுந்தது. நூல் பிடித்தது போல் ஒரு வரிசை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடடா, என்ன ஒழுங்கு," என்றார் அதிகாரி அம்மா. "ஆனா அப்படியே நிக்கிறாங்களே, அடுத்தது என்ன?"

அடுத்தது சூரியன் கொஞ்சம் நகர்ந்தது. நிழலும் நகர்ந்தது. கம்பத்தருகே நின்ற 'ஏன்' இம்மியளவு அசைந்தாள். கடைசியில் நின்றவர்கள் ஒரு எட்டு எடுத்து வைத்தார்கள். வரிசை குலையாமல் முழுசாகத் திரும்பியது.

"இதுக்கு என்ன பேரு ஸார்?"

தலைமையாசிரியருக்குப் பொய் சொல்ல வாய் கூசியதே இல்லை. "கடிகாரப் பயிற்சி மேடம். முள்ளு மாதிரி சுத்துவாங்க."

"ரொம்ப மெதுவா சுத்துதே?"

"மணி முள்ளு மேடம்."

அதிகாரி அம்மாவுக்குச் சுவாரசியம் தாங்கவில்லை. கிட்டப் போய்ப் பார்க்க எழுந்துவிட்டார். தலைமையாசிரியரும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வெயிலில் இறங்கினார். விஷயம் புரிந்த டீச்சர், சிரிப்பை அடக்க முடியாமல், வேலை போய்விடுமோ என்ற பயத்தையும் அடக்க முடியாமல், இரண்டு கையிலும் தண்ணீர்க் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"இந்தப் பயிற்சியை யார்மா சொல்லிக்குடுத்தது?" என்று அதிகாரி அம்மா குனிந்து கேட்டார்.

"பயிற்சியா? நாங்க நிழல்ல நிக்கிறோம்," என்றாள் 'ஏன்'.

"டீச்சர், எனக்கு நிழல் தீந்துபோச்சு," என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பிள்ளைங்க ஏதோ தமாஷா..." என்று தொடங்கிய தலைமையாசிரியருக்கு நாக்கு குழறியது. முழங்கால் மடங்கப் பார்த்தது. 'ஏன்' அவருடைய காலடியைப் பார்த்தாள். "ஸார், உங்களுது ரொம்ப ரொம்பக் குட்டை. வாங்க, இடம் தர்றோம்." நாலைந்து பேர் அவர் கையைப் பிடித்து இழுத்துக் கம்பத்தோடு சேர்த்து நிறுத்தினார்கள். மூக்கு மட்டும்தான் நிழலில் அடங்கியது.

"பரவாயில்ல, மூக்காவது தப்பிச்சுது," என்றான் வயிற்றை எக்கியவன்.

டீச்சர் அதிகாரி அம்மாவிடம், "காலையில வெச்சுக்கலாம்னு சொன்னேன் மேடம். இந்த நேரத்துல பிள்ளைங்க வெளியில நிக்கக் கூடாது," என்றார். அதிகாரி அம்மா தன் காலடியை ஒருமுறை பார்த்தார். பிறகு பந்தலில் இருந்தவர்களை எழுப்பிவிட்டுப் பிள்ளைகளை அங்கே உட்காரச் சொன்னார். எழுந்தவர்கள் வராந்தாவுக்கு ஓடிய வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் வெயில் பிடித்ததாகத் தெரியவில்லை.

தலைமையாசிரியரைப் பி.டி. மாஸ்டர் தாங்கிக்கொண்டு போய் இரண்டாம் வகுப்பில் விசிறிக்குக் கீழே படுக்க வைத்தார். டீச்சர் அவர் கழுத்தில் ஈரத்துணி போட்டார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். சற்று நேரத்தில் தலைமையாசிரியர் தெளிந்து எழுந்து, பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். தலை தக்காளியாகியிருந்தது. பந்தலிலிருந்து திரும்பிய பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"எரியுதா ஸார்?"

"கொஞ்சம்."

டீச்சரின் மேஜையிலிருந்து கற்றாழைக் களிம்பு வந்தது. ஆளுக்கு ஒரு விரல் என்று முடிவாயிற்று. தலைமையாசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். ஒவ்வொருவராக வந்து ஆளுக்கொரு இடத்தில் தடவிவிட்டுப் போனார்கள். ஒருத்தி பூவே வரைந்தாள்.

"காதுலயுமா?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டார்.

"காதுதான் ஸார் மொதல்ல வேகும்," என்றாள் 'ஏன்'.

அவர் காதைக் காட்டினார். பிறகு, யாரையும் பார்க்காமல், "டீச்சர், நாளையிலேருந்து வெளி வகுப்பு எல்லாத்துக்கும் நீங்களே நேரம் போட்டுடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்," என்றார்.

டீச்சர் அப்போதே தாளும் பேனாவும் எடுத்தார். அன்று மாலை தலையில் களிம்புப் பூவோடு தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனபோது, கதவைத் திறந்த அவர் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாரு வேணும்?" என்று கேட்டாராம்.