சும்மா கிடக்கத் தெரியாதவர்

சைரன் சத்தம் கேட்டால் அவளால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. ஸ்டோர் ரூமில் கையுறைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். வெளியே வண்டி கிளம்பும். இவள் கால் தானாக வாசலுக்குப் போய்விடும். வண்டி முனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, ஏதோ வேலையாக வந்தவள் போல உள்ளே திரும்புவாள். பதினாறு வருஷம் ஆம்புலன்ஸில் ஓடியவளைப் பஞ்சுக்கும் பிளாஸ்திரிக்கும் காவல் வைத்தால் வேறென்ன செய்வாள்.

தோளில் ஆபரேஷன் ஆகி ஏழு மாதம். ஆறிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாயிற்று. ஆனால் மறுபடி வண்டியில் ஏற ஒரு பரீட்சை உண்டு. ஆள் உயரப் பொம்மை, எழுபத்தைந்து கிலோ, கை கால் எல்லாம் தொளதொளவென்று தொங்கும். பின்னாலிருந்து அதன் அக்குளில் கைவிட்டு, மார்போடு அணைத்துத் தூக்கி, பின்பக்கமாகவே நடந்து பத்து மீட்டர் இழுக்க வேண்டும். நடுவில் கீழே வைக்கக் கூடாது. தேறினால் வண்டி. தவறினால் அடுத்த பரீட்சைவரை இன்னும் மூன்று மாதம் ஸ்டோர் ரூம். அதற்குள் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டால் ஸ்டோர் ரூமே கதி.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அவளுக்கு ஒரு இடத்தில் நிலைகொள்ளவில்லை. பால் காய்கிற நேரத்தில் தோப்புக்கரணம் போல உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பஸ் ஸ்டாப்பில் கைப்பையைத் தூக்கித் தூக்கி இறக்கினாள், பக்கத்தில் நின்றவர் நகர்ந்து நின்றார்.

பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் ஒரு ஜிம் இருந்தது. இரண்டு தடவை பாதிப் படி ஏறிவிட்டு இறங்கி வந்தாள். மேலே நாலு பக்கமும் கண்ணாடி, பாட்டு, மகள் வயசுப் பெண்கள். நாற்பத்தேழு வயசு உடம்பை ஒரே நேரத்தில் நாலு பக்கமிருந்து பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"ஜிம்மெல்லாம் எதுக்கு?" என்றார் கணவர். அவர் பஸ் டிரைவர். உட்கார்ந்தே பார்க்கிற வேலையில் உடம்பு எழுபத்தெட்டு கிலோ ஆகியிருந்தது. "வீட்டுலயே மலை மாதிரி நான் ஒருத்தன் இருக்கேன்ல. என்னை இழு."

சொன்னதோடு நிற்கவில்லை. டேப் வைத்து அளந்தார். டிவி ஸ்டாண்டிலிருந்து நடை வழியாகப் பின்கதவுவரை ஒன்பது மீட்டர் எண்பது. ஸ்டாண்டைச் சுவரோடு ஒட்டித் தள்ளிப் பத்து மீட்டர் ஆக்கினார். பிறகு கூடத்தில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"செத்துட்டேன். ஆரம்பி."

முதல் நாள் நாலு மீட்டர். மூன்றாம் நாள் ஆறு. பத்தாம் நாள் பின்கதவு அவள் முதுகில் இடித்தது. அவரைத் தொப்பென்று போட்டுவிட்டு அவளும் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அன்றைக்கு ஸ்டோர் ரூமில் சைரன் கேட்டபோது வாசலுக்குப் போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தானே என்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

முதுகு வளையாமல் இழுக்கிறோமா என்று பார்க்க, மறுநாள் போனை ஷூ ஸ்டாண்டின் மேல் சாய்த்து வைத்துப் படம் எடுத்தாள். அவர் குளிக்கப் போனதும் போட்டுப் பார்த்தாள்.

முதுகு நேராகத்தான் இருந்தது. கோளாறு அவர் காலில். அவள் பின்கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு இழுக்கிறாள். செத்துப்போன மனுஷன் முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் பதித்து, உந்தி உந்திக் கூடவே வருகிறார். பிணம் பாதி வழி நடந்தே வந்திருக்கிறது.

தலை துவட்டியபடி வந்தவரின் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள்.

"என்னங்க இது?"

அவர் பார்த்தார். அசடு வழிந்தது. "நீ முனகறியே. தோள்ல கத்தி வெச்ச இடம். நீ முனகினா கால் தானா போகுது, நான் என்ன பண்றது?"

"முதல் நாள்லேர்ந்தேவா?"

"முதல் அடியில இல்ல. ரெண்டாவது அடியிலேர்ந்து."

அவளுக்கு வந்த கோபத்தில் அவரை உண்மையாகவே இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் விட்டிருப்பாள். அதற்குத்தான் பலம் இல்லை என்று ஆகிவிட்டதே.

"காலைக் கட்டிப் போடு" என்று அவரே துண்டை எடுத்துக் கொடுத்தார். கட்டினாள். இப்போது இடுப்பை எக்கி எக்கிக் கொடுத்தார். அதட்டினாள். இடுப்பு அடங்கியது, கையால் தரையைத் தள்ளினார். கையையும் கட்டினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை விறைத்துக்கொண்டார், தூக்குகிறவளுக்கு வசதியாக இருக்கட்டுமாம். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் வலியைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடக்க அந்த மனுஷன் பழகவே இல்லை. கட்டை அவிழ்த்தபோது அவளுக்கு அழுகைதான் வந்தது. அன்பு இருந்த அளவுக்கு ஆத்திரமும் இருந்தது.

அன்று சாயங்காலம் முழுப் படியும் ஏறினாள்.

ஜிம்மை நடத்துகிற பெண்ணை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். கதையைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. ஆள் நீளத்துக்கு ஒரு மணல் மூட்டையைக் கட்டி ரப்பர் விரிப்பில் கிடத்தினாள்.

"எழுபத்தஞ்சு கிலோக்கா. இழுங்க, பார்ப்போம்."

மூட்டை அசையவில்லை. இவள் முனகினாள், பல்லைக் கடித்தாள். ஒரு கணம் நிறுத்தி, எதையோ எதிர்பார்த்து நின்றாள். கீழேயிருந்து வர வேண்டிய அந்தச் சின்ன உந்தல் வரவில்லை. மாஸ்டர் மணலை எடுத்துக்கொண்டே வந்தாள். ஐம்பத்தைந்தில்தான் மூட்டை நகர்ந்தது.

"இதுதான் உங்க பலம். இங்க இருக்கிற எதுக்கும் உங்களைத் தெரியாதுக்கா. பாவம் பார்க்காது" என்றாள் மாஸ்டர். "எத்தனை நாள் இருக்கு?"

"ஒம்போது."

மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினாள். "முடிஞ்சவரைக்கும் போவோம்."

ஒன்பது நாளும் போனாள். கண்ணாடியைப் பார்க்க நேரமே இருக்கவில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக வலித்தது. அறுபது வந்தது, அறுபத்தெட்டு வந்தது. கடைசி நாள் எழுபத்தைந்து அவள் மார்போடு எழும்பி ஏழு மீட்டர் வந்து விழுந்தது.

பரீட்சை, ஆம்புலன்ஸ் டிப்போவின் பின்பக்க ஷெட்டில். வைத்தவர் ஒரு காலத்தில் அவள் வண்டியை ஓட்டியவர், இப்போது சூப்பர்வைசர். அட்டையில் பரீட்சை ஃபாரத்தைச் செருகிக்கொண்டு நின்றார். வேறு யாரும் இல்லை.

அவள் குனிந்து பொம்மையை அணைத்தாள். அதன் தலை பின்னால் சரிந்து அவள் கழுத்தில் விழுந்தது. எழும்பினாள். ஐந்து மீட்டர் வரை மூச்சு விட்டதே தெரியவில்லை. ஏழில் தோள் எரிந்தது. எட்டில் அவள் போட்ட சத்தத்துக்கு வீட்டில் என்றால் அவர் எழுந்தே நடந்திருப்பார். பொம்மை சும்மா கிடந்தது. ஒன்பதாவது கோட்டைத் தாண்டியதும் விரல் பிரிந்தது. பொம்மை கீழே விழுந்தது.

சூப்பர்வைசர் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஒரு மீட்டர் என்னம்மா பெரிய விஷயம். உன் வேலை எனக்குத் தெரியாதா. பத்துன்னு போட்டுடறேன்."

பேனா ஃபாரத்தைத் தொட்டது. போடட்டும், போட்டுவிடட்டும் என்று உள்ளே ஒன்று கெஞ்சியது. நாளைக் காலையே வண்டியில் ஏறிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"போடாதீங்க சார்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

கேட்டுக்கு வெளியே கணவர் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். லீவு போட்டு வந்திருந்தார்.

"ஒம்போது" என்றாள். நடந்ததையும் சொன்னாள்.

"அவரே போடறேன்னு சொல்லியும் வேணாம்னியா?" அவர் முகம் சிவந்தது. "உனக்கென்ன பைத்தியமா? ராத்திரி பகலா இதே நினைப்பா கிடந்து, கைக்கு வந்ததைத் தள்ளி விட்டுட்டு வந்து நிக்கறே."

அவள் ஸ்கூட்டரின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க. நாளைக்கு ரோட்டுல நீங்க மயங்கிக் கிடக்கறீங்க. பின்னாடி லாரி வந்துட்டிருக்கு. உங்களை இழுக்க எவளோ ஒருத்தி வர்றா. அவ ஒம்போதுல விட்டுட்டா உங்களுக்குப் பரவால்லையா?"

அவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கி ஏறி உட்கார்ந்தார். அவள் பின்னால் ஏறி, கையை அவர் தோளில் வைத்தாள்.

"வீட்டுக்குத்தானே?"

"ஜிம்முக்கு விடுங்க."