இரண்டு வாய் உள்ள சந்து

விடிவதற்கு முன்பே குடோனில் மூட்டை ஏறத் தொடங்கிவிட்டது. பெருமழை வருகிறதாம், கீழ்த்தளத்துச் சர்க்கரை முழுவதும் மாடிக்குப் போயாக வேண்டும். கழுத்து நரம்பு புடைக்க, குறுகலான மரப்படியில் சுமைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். ஈரச் சாக்கின் வாடை. உள்ளங்காலில் சர்க்கரைப் பிசுக்கு. கிழிந்த மூட்டைகளைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. அவள் தம்பியும் இதே படியில் சுமை ஏற்றியவன்தான். போன மழையில் செத்துப்போனான்.

அவன் செத்தது எப்படி என்று புரிய, அவர்கள் குடியிருக்கும் சந்து புரிய வேண்டும். மேட்டுச் சாலையிலிருந்து கால்வாய்க்கு இறங்கும் சந்து அது. இரண்டு வாய். கால்வாய் பொங்கினால் தண்ணீர் கீழ்வாயில் நுழையும். ஜனங்கள் மேல்வாயில் வெளியேறுவார்கள். தண்ணீர் ஏறுவதைவிட மனிதன் வேகமாக ஏறுவான். அவ்வளவுதான் விஷயம். நடுவில் குறுக்குச் சந்துகளும் இருந்தன. ஒன்று அடைபட்டால் இன்னொன்று. லாரி நிறுத்த இடம் வேண்டுமென்று குடோன் முதலாளி முதலில் குறுக்குச் சந்துகளை வளைத்துப்போட்டார். பிறகு குடோனை ஒட்டிய மேல்வாயில் சுவர் எழுப்பினார். ஒரு வாய் அடைபட்ட சந்து வெறும் குவளை. நிரம்பத்தான் செய்யும்.

தையல்காரியின் புருஷனுக்கு மூட்டை அடுக்கு சரிந்து இரண்டு காலும் போயிருந்தது. சக்கர நாற்காலிக்குச் சரிவு இருந்தது மேல்வாயில்தான், கீழ்வாயில் படிக்கட்டு. சுவர் வந்தபின் அவர் சந்துக்கு வெளியே வரவில்லை.

தண்ணீர் வந்த காலையில் தம்பி மச்சானை முதுகில் தூக்கினான். சுமைக்காரன் தலை நிமிர்த்துவதில்லை. கால்தான் வழி பார்க்கும். பழகிய கால் மேட்டை நோக்கிப் போனது. நெற்றி முட்டியபோதுதான் சுவர் ஞாபகம் வந்தது. திரும்பிப் போக முடியாத ஆழம். மச்சானைச் சுவர்மேல் ஏற்றிவிட்டான். அவன் ஏற, தோள் கொடுக்க ஆளில்லை. சுவரின் இந்தப் பக்கம், குடோனில், அவள் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது முதலாளி குடையோடு உள்ளே வந்தார்.

"ஏம்மா, கை நிக்குது? வானம் இருட்டிக்கிட்டு வருது!"

"அதப் பார்த்துதான் நிறுத்தினேன் முதலாளி. சர்க்கரை மாடிக்குப் போயிடும். எங்க வீட்டுக்காரர் எங்க போவார்?"

"அதுக்கு?"

"சுவத்துல ஒரு கதவு வைங்க. நாற்காலி போற அகலம் போதும்."

"கதவு வச்சா திருட்டுப் போகும்."

"திருடுற ஆளுங்கதான முதலாளி இவ்ளோ நேரமா தூக்குறோம்?" என்றார் படியிலிருந்த ஒட்டகம். முதுகு வளைந்ததால் வந்த பெயர். மேலே யாரோ சிரித்தார்கள்.

முதலாளி குரலைத் தணித்தார். "இங்க பாரும்மா. அந்தச் சுவர் இருந்ததாலதான் உன் புருஷன் ஏறி உக்காந்து பிழைச்சான். நன்றி வேணாமா?"

சிரிப்பு நின்றது.

"சுவர் இல்லன்னா ஏறவே வேண்டாமே" என்றாள் அவள். "என் தம்பி அவரத் தூக்கிக்கிட்டு நேரா என் முன்னால வந்து நின்னிருப்பான்."

ஒட்டகம் மூட்டையை நடுப்படியிலேயே இறக்கினார். பின்னால் வந்தவனும் இறக்கினான். அவனுக்குப் பின்னால் வந்தவனும். படி அடைத்துக்கொண்டது.

"வழிய விடுங்கடா!" முதலாளி கத்தினார்.

"அதத்தான் நாங்களும் கேக்குறோம்" என்றார் ஒட்டகம்.

தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்தன. சுவர் அப்படியே நின்றது. அவள் புருஷனைத் தூக்கிவர, அதைச் சுற்றிக்கொண்டு கீழ்வாய்க்கு நடந்தார்கள். நாற்காலியோடு ஒருவரைப் படிக்கட்டில் தூக்க நாலு பேர் போதும். குடோனே ஆளில்லாமல் காலியாகிப் போனது.