பின்பாதி படித்தவள்

...ஹேர்பின் மாட்டிக்கொண்டதாம், தூக்கத்தில் தலையணையோடு பின் மாட்டிக்கொண்டு இழுத்துவிட்டதாம், யாரிடம் சொல்கிறாள், இத்தனை வருஷமாகத் தலை தலையாகப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவளிடமா, என்று நினைத்துக்கொண்டே அக்கா வால் சீப்பின் நுனியால் தங்கையின் கூந்தலை இன்னொரு தரம் வகிர்ந்து அந்த இடத்தைப் பார்த்தாள், இடது காதுக்கு மேலே, ஒரு நாணயத்தின் அகலத்துக்கு, முடியே இல்லை என்று சொல்ல முடியாது, இருக்கிறது, ஆனால் குட்டை குட்டையாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல், வேரடியில் தோல் சிவந்து... உதிர்ந்த இடம் வழவழவென்று இருக்கும், பிடுங்கின இடம் இப்படித்தான் இருக்கும். இந்தப் பார்லர் நாற்காலியில் எத்தனை பேர் தலையில் பார்த்திருக்கிறாள், பார்த்தும் பார்க்காததுபோலச் சாயம் பூசி அனுப்பியிருக்கிறாள், கேட்டால் அடுத்த மாதம் வேறு பார்லருக்குப் போய்விடுவார்கள். ஆனால் இது கூடப் பிறந்த தலையாயிற்றே, சின்ன வயதில் பேன் பார்த்த தலை. முந்தாநாள் ஒற்றைப் பையோடு வந்து நின்று "சும்மா ஒரு வாரம் இருந்துட்டுப் போறேனே" என்றபோதே கேட்டிருக்க வேண்டும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் அவள் என்றால் அதைப் பரிமாறிச் சாப்பிட்டவள் இவள். "எந்தப் பின்னுடீ?" என்று மட்டும் கேட்டாள். கண்ணாடியில் இருந்த தங்கை கண்ணை மூடிக்கொண்டாள், மூடின கண்ணோடே, "அவரு வந்தா உள்ள விடாதக்கா, மொகத்தப் பாத்தா நான் கெளம்பிப் போயிடுவேன்" என்றாள். "வரட்டும், வெளக்கமாறு எதுக்கு இருக்கு" என்றாள் அக்கா, சொன்னபோது வீராப்பாகத்தான் இருந்தது.

மொகத்தப் பாத்தா போயிடுவேன்... எங்கேயோ கேட்ட வசனம்போல இல்லை? கேட்டதுதான், இரண்டு பேரும் சேர்ந்தே கேட்டதுதான், பழைய புத்தகக் கடையில் எடைக்குப் போட்டிருந்த காதல் கதைகள், ஒரு கட்டு வாங்கினால் ஒரு லீவு ஓடும், மேலட்டையில் எப்போதும் ஒரு பெண் தலை குனிந்திருப்பாள், ஒருவன் அவள் மணிக்கட்டைப் பிடித்திருப்பான். ஒரே புத்தகத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டதில் அம்மா ஒரு நாள் புத்தகத்தை வாங்கி முதுகை மடக்கி, சரியாக நடுவில், பர்ரென்று இரண்டாகக் கிழித்துக் கொடுத்துவிட்டாள், இந்தாங்கடி, ஆளுக்குப் பாதி, வாயை மூடுங்க. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது, எந்தப் புத்தகம் வந்தாலும் முதல் வேலை கிழிப்பதுதான், அக்காவுக்கு முன்பாதி, தங்கைக்குப் பின்பாதி, அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டது அது, "முடிவு தெரியாம என்னால இருக்க முடியாதுக்கா" என்று. கட்டிலுக்கு அடியில் இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு, தரையின் சில்லிப்பு வயிற்றில் ஏற, பழந்தாளின் வாசனை, கால்கள் நான்கும் ஒன்றின்மேல் ஒன்று... என்ன சுகம் அது, ஆயிரம் சொன்னாலும் அந்தச் சுகம் சுகம்தான், பொய் சொல்லக் கூடாது. முன்பாதியில் அவன் அவளை வகுப்பில் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவான், வேறு எவனோடாவது பேசினால் அந்த எவனின் பல்லை உடைப்பான், அவள் முடியை இப்படித்தான் கட்ட வேண்டும் என்பான், ஒரு அறை விடுவான், அக்கா அழுவாள். பின்பாதியில் அதே பையன் மழையில் நின்று அழுவான், சின்ன வயதில் அவன் அம்மா அவனை விட்டுப் போன கதையைச் சொல்லுவான், அவ்வளவுதான், எல்லாம் மன்னிப்பு. பிறகு பாதியை மாற்றிக்கொள்வார்கள். தங்கை முன்பாதியைப் படிக்கும்போது அறை விழுகிற இடத்தில் சிரிப்பாள். "ஏண்டி சிரிக்கிற?" என்றால், "உனக்குத் தெரியாதுக்கா, இவன் பின்னாடி எவ்ளோ அழறான் தெரியுமா" என்பாள். அடித்தவனை அவள் ஒருநாளும் அடித்தவனாகப் பார்த்ததே இல்லை, அழப்போகிறவனாகவே பார்த்தாள். கல்யாணத்துக்கும் அந்தக் கண்ணைத்தான் கொண்டு போனாளோ, பதினோரு வருஷமாக முன்பாதியிலேயே உட்கார்ந்துகொண்டு, இதோ வந்துவிடும், இதோ அடுத்த பக்கம் என்று... அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள், அந்த ஒரு பழமொழியை இருநூறு பக்கத்துக்கு இழுத்தால் அந்தப் புத்தகங்கள்தான். எழுதினவர்களுக்கு என்ன, எழுதிவிட்டு அடுத்த மாதக் கதைக்குப் போய்விட்டார்கள்.

சாயத்தைக் குழைத்துத் தூரிகையால் வேரிலிருந்து நுனிக்கு இழுத்தாள், அந்த இடத்தில் மட்டும் படாமல் சுற்றிக்கொண்டு போனாள், பட்டால் எரியும். மேசை இழுப்பறைக்குள் தங்கையின் போன் உறுமிக்கொண்டே இருந்தது, நிற்கும், மூச்சு வாங்கும், மறுபடி உறுமும். இரண்டு பேரும் அது கேட்காததுபோல இருந்தார்கள். "மாமா எங்கக்கா?" என்றாள் தங்கை. "எவன் வீட்டு ஃப்ரிட்ஜையோ பிரிச்சுப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பாரு, ஞாயித்துக்கெழமையும் கூப்பிட்டா போயிடறாரு, வாயில்லாப் பூச்சி" என்றாள் அக்கா, தங்கை சிரித்தாள், "கையப் பிடிக்கலாமா" என்று ஆண் குரலில் சொல்லி இன்னும் சிரித்தாள். ஐயோ, அதை இன்னுமா ஞாபகம் வைத்திருக்கிறாள், கல்யாணமான புதிதில் அவர் அப்படித்தான் கேட்டார், கையைப் பிடிக்கலாமா, உனக்கு வேண்டாம்னா வேண்டாம், என்று. மறுவாரம் அதைத் தங்கையிடம் சொல்லி இரண்டு பேரும் வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தார்கள், இதையெல்லாமா கேட்பாங்க, என்ன ஆம்பளைடீ இது என்று... சிரித்ததற்கு அடியில் அக்காவுக்கு ஓர் ஓரத்தில் அழுகையும் வந்தது, ஏமாந்துபோன மாதிரி, யாரோ தனக்கு மட்டும் தப்பான புத்தகத்தைக் கொடுத்துவிட்ட மாதிரி. அந்த மனுஷர் ஒரு நாள் சத்தம் போட்டதில்லை. இவள் ஏதோ கோபத்தில் சாப்பிடாமல் படுத்தால், மூடி வைத்துவிட்டு, பசிச்சா எழுப்பு, சூடு பண்ணித் தர்றேன் என்று சொல்லிப் படுப்பார், எழுப்பி வம்புக்கு இழுக்க மாட்டார், தூங்கியும் போய்விடுவார்! அவர் ஒரு தடவையாவது பொறாமைப்பட மாட்டாரா என்று அடுத்த தெருக் கடைக்காரனோடு வேண்டுமென்றே சிரித்துப் பேசினதுகூட உண்டு. "அந்தப் பையன் நல்லாப் பேசறான் இல்ல" என்றார். அட ராமா. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

"அம்மா, இந்த அத்தியாயத்தக் கேளேன்" என்று மகள் உள்ளறையிலிருந்து போனோடு வந்தாள், பதினாறு வயது, தினம் ஓர் அத்தியாயம் போனுக்கு வந்து விழுகிறது, கிழிக்க வேண்டிய அவசியம் இல்லை. வாசித்தாள், அவன் அவள் போனைப் பிடுங்கி நண்பர்கள் பெயரையெல்லாம் அழிக்கிறான், உனக்கு நான் போதாதா என்கிறான், அவள் நெஞ்சு படபடக்கிறது. "செம்ம இல்ல?" என்றாள். "என்னடி செம்ம, திருட்டுப் பயலுக்குப் போலீஸைக் கூப்பிடாம நெஞ்சு படபடக்குதாமா" என்று அக்கா எரிந்து விழுந்தாள். "போம்மா, அவன் உள்ளுக்குள்ள ரொம்ப நல்லவன், இன்னும் எழுபது அத்தியாயம் இருக்கு." தங்கை கண்ணாடியில் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்கவில்லை, "எழுபதா" என்றாள், "அவ்ளோ நாள் அவ என்ன பண்ணுவா?" மகளுக்கு அது புரியவில்லை, "லவ்தான் சித்தி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்தப் பெண்ணுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது, படிக்காதே என்றால் போர்வைக்குள் படிப்பாள், நாம் கட்டிலுக்கு அடியில் படிக்கவில்லையா, சித்தியின் தலையை விரித்துக் காட்டி, பார், எழுபது அத்தியாயம் இங்கேதான் இருக்கிறது என்று சொல்வதா...

சாயம் ஊறிவிட்டது. தங்கையைத் தொட்டி நாற்காலிக்கு மாற்றிப் பின்னால் சாய்த்து, கண்ணில் படாதபடி நெற்றியில் கையை அணைகட்டித் தண்ணீரைத் திறந்தாள், கருப்பாக ஓடியது, பிறகு பழுப்பாக. கழுத்து தளர்ந்து அவள் தலை முழுக் கனத்தையும் இவள் உள்ளங்கையில் கொடுத்துவிட்டாள், அப்படிக் கொடுப்பதற்கு எத்தனை நாளாயிற்றோ. "இந்தத் தடவ நெஜமாவே போகலக்கா" என்றாள், "வேல தேடிக்கறேன். உங்கிட்டயே கத்துக்கறேன்." "கத்துக்கோ, மொதல்ல கூட்டிப் பெருக்கணும், சொல்லிட்டேன்" என்றாள் அக்கா, அவள் தலையைத் தொட்டி விளிம்பில் சாய்த்துத் தண்ணீரைச் சிறிதாக்கி அலசலுக்கு விட்டாள், வெளியே மழை பிடித்திருந்தது, விடுமுறைப் பலகை தொங்குகிற கண்ணாடிக் கதவில் நீர் கோடு கோடாக இறங்கியது, அதற்கு அப்பால், தெருவின் மறுபக்கம்...

நிற்கிறான். தங்கை புருஷன்தான். சட்டை உடம்போடு ஒட்டி, தலை தொங்கி, கையில் குடை இல்லை, மூன்றடி தள்ளி ஒரு கடை வாசலில் தகரக் கூரை இருக்கிறது, அதன்கீழ் ஈ காக்கை இல்லை, அங்கே போய் நிற்கலாம்தானே, நிற்கமாட்டான், அங்கே நின்றால் எப்படி நனைவது, எல்லாம் தெரிகிறது இவளுக்கு, கூத்து என்று தெரிகிறது, அந்தக் கைதான் காதோரம் முடியைச் சுற்றிப் பிடித்த கை என்று தெரிகிறது. இவளைப் பார்த்துவிட்டான். தெருவைக் கடந்து கதவருகே வந்தான், தட்டவில்லை, தட்டினால் வெளக்கமாற்றை எடுத்திருப்பாளோ என்னவோ, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து "அக்கா" என்றான், சத்தம் கேட்கவில்லை, உதடுதான் அசைந்தது, உதடு நடுங்கியது, கண் சிவந்திருந்தது, அழுதிருக்கிறான், பாவம்... யார் பாவம்? ஆனால் இந்த நெஞ்சு ஏன் இப்படிப் படபடக்கிறது, நாற்பத்திநாலு வயதில், கட்டிலுக்கு அடியில் கிடந்தவளுக்குப் படபடத்த அதே இடத்தில், வந்துவிட்டான், மழையில் வந்துவிட்டான் என்று, இத்தனை நேரம் தங்கை வராதே வராதே என்று கிடந்தபோது தான் மட்டும் உள்ளுக்குள் அவன் வரவேண்டும் என்று காத்திருந்தாளா, சீ, இதென்ன மனசு, யார் செய்துவைத்த மனசு... ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போகட்டுமே, மழையில் நிற்கிறவனை எப்படி... தலையாவது துவட்டிக்கொள்ளட்டும்...

"அக்கா, தண்ணி காதுல போகுது" என்றாள் தங்கை, கண்ணைத் திறக்க முடியாமல், தலை தொட்டியில் சாய்ந்தபடியே, கையை மட்டும் நீட்டிக் காற்றில் துழாவினாள். "துண்டு குடு. எங்க போயிட்ட?"

துண்டு இவள் கையில்தான் இருந்தது, அலமாரியிலிருந்து எடுத்த புதுத் துண்டு, மடிப்புக்கூடக் கலையவில்லை. அதோடு இவள் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், எப்போது நடந்து வந்தாள் என்று தெரியவில்லை, மற்றக் கை தாழ்ப்பாளின்மேல் இருந்தது.